குறைந்துபோன வலி: பாலியில் ஒரு கடைசி நாளும் வீடு திரும்ப ஆன ஒரு வாரமும்

பின்னணி

இந்தோனேசியாவின் பாலித் தீவுக்கு ஸ்கூபா டைவிங்குக்காகச் சென்ற நான்கு பேரில் ஒருவருக்கு, ஊர் திரும்பும் நாளில் அழுத்தக் குறைவு நோய் கண்டது. டைவர்கள் இதைப் ‘பெண்ட்ஸ்’ என்பார்கள். காலையில் கடலிலிருந்து வெளிவந்ததில் தொடங்கி அவர் வீடு சேர்ந்தது வரையிலான நிகழ்வுகளை இங்கே வரிசையாகப் பதிவு செய்கிறேன். யாருடைய பெயரும், எந்த நிறுவனத்தின் பெயரும் இதில் இல்லை. பயணத்திட்டத்தை வகுத்தவன் நான். ஆகவே, இதை வெளியாள் ஒருவரின் நடுநிலையோடு எழுத என்னால் முடியாது.

பாதிக்கப்பட்டவர் 43 வயதுப் பள்ளி ஆசிரியை. அதற்கு முன் அறுபது டைவ்கள் செய்தவர். நீண்டகால நோய் எதுவும் கிடையாது, புகைப்பழக்கமும் இல்லை. அவருடைய தம்பி, மீட்பு டைவர் பயிற்சி பெற்ற மருந்தாளுநர் ஒருவர், நான் ஆகியோர் உடன் சென்றவர்கள். நான்கு நாட்களாகத் தினமும் இரண்டு அல்லது மூன்று டைவ்கள். ஐந்தாம் நாளை வெறும் ஓய்வு நாளாகத்தான் முதலில் திட்டமிட்டிருந்தோம். அன்று இரவு 8.10க்கு விமானம். மறுநாள் காலை விமானத்தில் போயிருக்கலாம். ஒரு விடுப்பு நாள் மிச்சமாகும் என்று இரவு விமானத்தைத் தேர்ந்தெடுத்தது நான்.

கடைசி நாள் காலை

தீவின் வடகிழக்குக் கரையில் துலம்பென் என்ற சிற்றூர் இருக்கிறது. அங்கே கரையிலிருந்து சில பத்து மீட்டர் தொலைவிலேயே ‘லிபர்ட்டி’ என்ற அமெரிக்க ராணுவச் சரக்குக் கப்பல் மூழ்கிக் கிடக்கிறது. 1942 ஜனவரியில் ஜப்பானிய நீர்மூழ்கியின் டார்பிடோவால் தாக்கப்பட்டு, சரக்கை மீட்பதற்காகக் கரைக்கு இழுத்து வரப்பட்ட கப்பல் அது. 21 ஆண்டுகள் கரையிலேயே கிடந்தது. 1963இல் அகுங் எரிமலை வெடித்தபோது கடலுக்குள் சரிந்தது. இப்போது அதன் மேல்பகுதி 5 மீட்டர் ஆழத்திலும் அடிப்பகுதி 30 மீட்டருக்கு அருகிலும் இருக்கிறது. விடியற்காலையில் இறங்கினால், நெற்றி புடைத்த பெரிய கிளிமீன்கள் கூட்டமாக அதைச் சுற்றிவருவதைக் காணலாம். முந்தைய இரண்டு நாட்களும் மழையில் நீர் கலங்கியிருந்ததால் நாங்கள் அதைப் பார்க்கவில்லை. நான்காம் நாள் மாலை வானம் தெளிந்தது. “காலையில் ஒன்றே ஒன்று போய்விட்டு வரலாமே” என்று தொடங்கியதும் நான்தான்.

மறுநாள் காலை, இறங்கும் முன் உள்ளூர் வழிகாட்டி முறைப்படி கேட்டார்: “விமானம் எப்போது?”

“நாளை” என்றேன். ஊர் போய்ச் சேர்வது மறுநாள்தான், ஆகவே பொய் சொல்லவில்லை என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

மருந்தாளுநர் இறங்கவில்லை. “விமானத்துக்கு முன் பதினெட்டு மணி நேரம் ஆகாது. எனக்கு வேண்டாம்” என்று சொல்லிவிட்டுக் கரையில் உட்கார்ந்துவிட்டார். அதற்கு மேல் அவர் வாதாடவும் இல்லை. “நான் இறங்காததோடு என் கடமை முடிந்துவிட்டதாக நினைத்தேன்” என்று பிற்பாடு அவரே சொன்னார்.

முதல் டைவ் காலை 6.20க்கு. அதிகபட்ச ஆழம் 28 மீட்டர், நேரம் 41 நிமிடம். கிளிமீன்களைப் பார்த்தோம். பார்த்த மகிழ்ச்சியில், 8.40க்கு அருகிலுள்ள பவளச் சரிவில் 20 மீட்டர் ஆழத்துக்கு 52 நிமிடம் இன்னொரு டைவ். ‘ஒன்றே ஒன்று’ இரண்டானது இப்படித்தான். 9.32க்கு நீர்மட்டத்துக்கு வந்தோம். இரண்டிலும் மெதுவாகவே மேலேறினோம். 5 மீட்டரில் மூன்று நிமிடப் பாதுகாப்பு நிறுத்தமும் செய்தோம். டைவ் கணினி எந்த எச்சரிக்கையும் தரவில்லை. ஆனால் மூவரின் மணிக்கட்டிலும் விமானம் ஒன்றின் மேல் கோடு போட்ட சின்னம் தெரிந்தது. பக்கத்தில் 24 மணி நேரத்திலிருந்து இறங்குமுகமாக எண்கள் ஓடிக்கொண்டிருந்தன.

அந்தச் சின்னத்துக்குப் பின்னால் உள்ள கணக்கு இது. 28 மீட்டர் ஆழத்தில் உடல்மேல் இருப்பது ஏறத்தாழ 3.8 வளிமண்டல அழுத்தம். அந்த அழுத்தத்தில் சுவாசிக்கும் நைட்ரஜன் ரத்தத்திலும் திசுக்களிலும் கூடுதலாகக் கரைகிறது. மேலே வந்த பிறகு அது மூச்சின் வழியாக மெல்ல வெளியேற வேண்டும். அதற்குப் பல மணி நேரம் ஆகும். அதற்குள் சுற்றுப்புற அழுத்தம் மேலும் குறைந்தால், கரைந்திருந்த வாயு குமிழியாகப் பிரிந்து மூட்டிலோ நரம்பிலோ தண்டுவடத்திலோ தொல்லை கொடுக்கும். சோடா பாட்டிலைத் திறப்பதை எல்லோரும் உதாரணம் காட்டுவார்கள். அது பாதிதான் பொருந்தும். சோடா உடனே பொங்கிவிடுகிறது, உடலோ மணிக்கணக்கில் காத்திருந்தும் பொங்கும். பறக்கும் பயணிகள் விமானத்தின் உள்ளே இருக்கும் அழுத்தம் 2,400 மீட்டர் உயர மலைமேல் இருப்பதற்கு இணையாக, அதாவது முக்கால் வளிமண்டலமாகக் குறையலாம். அதனால்தான் மேலேறும் வழியில் கட்டாய நிறுத்தம் தேவைப்படாத ஒற்றை டைவுக்குப் பிறகு 12 மணி நேரமும், பல நாள் அல்லது பல முறை டைவ் செய்தவர்களுக்கு 18 மணி நேரமும் குறைந்தபட்ச இடைவெளி என்று டைவர் பாதுகாப்பு அமைப்புகள் பரிந்துரைக்கின்றன. இது நால்வருக்கும் தெரியும். சான்றிதழ் தேர்வில் வரும் கேள்விதான்.

எங்கள் இடைவெளி 10 மணி 38 நிமிடம்.

மலைவழி

துலம்பெனிலிருந்து விமான நிலையத்துக்குக் கிழக்குக் கடலோரத்தை ஒட்டிய வழக்கமான சாலை உண்டு. வாடகைக் கார் ஓட்டுநர் இன்னொரு வழியைச் சொன்னார்: வடக்கே கரையோரமாகப் போய், மலையேறி, கிந்தாமணியில் பத்தூர் எரிமலையையும் ஏரியையும் பார்த்துவிட்டு, உபுத் வழியாக இறங்கலாம். கையில் நேரம் இருந்தது. நால்வரும் சம்மதித்தோம். மலையும் ஒரு விமானம்தான் என்பது எவருக்கும் தோன்றவில்லை. கிந்தாமணி ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் ஆறில் ஐந்து பங்குதான். பறப்பதற்கான அந்த இடைவெளிப் பரிந்துரை 600 மீட்டருக்கு மேற்பட்ட உயரத்தைக் கருதித்தான் சொல்லப்பட்டிருக்கிறது.

11 மணிக்குக் கிளம்பி 12.50க்கு மேலே சேர்ந்தோம். 1.10 அளவில் ஆசிரியை இடது தோளைப் பிசைந்துகொண்டிருந்தார். ஆழத்தில், எலும்புக்குள் இருந்து வருவதுபோன்ற மந்தமான வலி என்றார். அழுத்தினால் கூடவில்லை, கையைத் தூக்கினாலும் கூடவில்லை. எங்கே வைத்துக்கொண்டாலும் கைக்கு இதமாக இல்லை என்றார். வழக்கத்துக்கு மீறிய அசதியும் இருந்தது. எரிமலையைப் பார்க்கக் காரிலிருந்து இறங்கியவர் ஐந்து நிமிடத்தில் திரும்பி வந்து உட்கார்ந்துவிட்டார்.

எங்களிடம் விளக்கம் தயாராக இருந்தது. கருங்கற்கள் நிறைந்த அந்தக் கரையில் அவர் தன் உபகரணப் பையைத் தானே தூக்கி நடந்திருந்தார். நான்கு மணிக்கே எழுந்தவர். காலையிலிருந்து தண்ணீரும் சரியாகக் குடிக்கவில்லை. “பை தூக்கினதுதான், அக்கா” என்றார் தம்பி. நானும் ஆமோதித்தேன். அழுத்தியும் அசைத்தும் கூடாத வலி தசைப்பிடிப்பாக இருக்குமா என்று ஒருவரும் கேட்கவில்லை.

2 மணிக்கு இறங்கத் தொடங்கினோம். 3.15க்கு உபுத் அருகே வந்தபோது, “வலி ஏறக்குறைய போய்விட்டது” என்றார். எல்லோருக்கும் நிம்மதி. இந்த நிகழ்வில் மிக மோசமான நிமிடம் எது என்று என்னைக் கேட்டால், விமானத்திலோ மருத்துவமனையிலோ நடந்த எதையும் சொல்ல மாட்டேன்; அந்த நிம்மதியைச் சொல்வேன். தசைப்பிடிப்புக்கு உயரம் தெரியாது. மலை ஏறும்போது வந்து இறங்கும்போது போகும் வலி, தன் காரணத்தைத் தானே சொல்லிவிடுகிறது. அழுத்தம் கூடக் கூடக் குமிழி சுருங்குகிறது, வலி அடங்குகிறது. இது புதிய அறிவும் அல்ல. 19ஆம் நூற்றாண்டின் நடுவில் பிரான்சில், அழுத்தக் காற்று நிரப்பிய சுரங்கக் கூடுகளில் வேலை செய்தவர்களுக்கு வெளியே வந்ததும் மூட்டு வலி கண்டது. மீண்டும் உள்ளே போனால் அடங்கியது. போல், வாட்டல் என்ற இரு மருத்துவர்கள் 1854இல் இதை எழுதிவைத்தார்கள். இன்றைய அழுத்த அறைச் சிகிச்சைக்கு அடிப்படையே அந்தக் கவனிப்புதான். நாங்கள் அதையே கண்ணெதிரில் கண்டு, குணமாகிவிட்டது என்று எடுத்துக்கொண்டோம்.

விமான நிலையமும் முதல் விமானமும்

5 மணிக்கு விமான நிலையம். வழியில் கடந்துவந்த டென்பசார் நகரிலேயே ஒரு பெரிய மருத்துவமனையில் அழுத்த அறை இருக்கிறது. அதைப் பிறகுதான் தெரிந்துகொண்டோம்.

மருந்தாளுநர் ஒருமுறை கேட்டார்: “அக்கா, நிஜமாகவே ஒன்றுமில்லையா? விமானத்தை மாற்றிக்கொள்ளலாம்.” ஆசிரியை தோளைச் சுழற்றிக் காட்டினார். நான் கடிகாரத்தைப் பார்த்தேன். விமானத்தை மாற்றினால் என்னவாகும் என்ற கணக்கு, அவருடைய தோளுக்கு முன்பே என் மனத்தில் ஓடியது. அதோடு பேச்சு முடிந்தது.

புறப்பட்ட அரை மணி நேரத்தில் வலி திரும்பியது, இம்முறை முழங்கை வரை. சற்று நேரத்தில் இடது கையின் கடைசி இரு விரல்களில் ஊசி குத்தும் உணர்வு. பிறகு இடது பாதம் மரத்ததுபோல் இருந்தது. உட்கார்ந்தே இருப்பதால்தான் கால் மரத்திருக்கிறது என்று நினைத்து, அவர் எழுந்து இருமுறை நடந்தார். விமானப் பணியாளர்களிடம் அவர் சொல்லவில்லை, நாங்களும் சொல்லவில்லை. அவர்களிடம் ஆக்சிஜன் இருந்திருக்கும். அழுத்தக் குறைவு நோய்க்கு முதலுதவியே முகமூடி வழியே தூய ஆக்சிஜன் கொடுப்பதுதான். இரண்டரை மணி நேரம் அதற்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து பயணம் செய்தோம்.

சிங்கப்பூரில்

இரவு 10.50க்கு இறங்கினோம். அடுத்த விமானத்துக்கு மூன்று மணி நேரம் இருந்தது. தரையிறங்கியதும் தோள் வலி மீண்டும் குறைந்தது. விரல்களும் பாதமும் மாறவில்லை. இந்த வேறுபாட்டைத்தான் மருந்தாளுநர் கவனித்தார். நான் சொன்னது வேறு: “இன்னும் நான்கு மணி நேரப் பறப்புதானே. ஊரில் போய்ப் பார்த்துக்கொள்ளலாம்.” ஆசிரியைக்கும் அதுவே விருப்பம். வீட்டுக்குப் போக வேண்டும் என்ற எண்ணம் வந்துவிட்டால் மனிதர்கள் எதையும் ஒத்திப்போடுவார்கள், சொந்தக் கால் மரத்துப்போனதையும்கூட.

மருந்தாளுநர் எங்களோடு வாதிடவில்லை. காத்திருப்புக் கூடத்தின் ஓரத்துக்கு ஆசிரியையை அழைத்துப்போய், மீட்புப் பயிற்சியில் கற்ற எளிய நரம்புச் சோதனையைச் செய்தார். இரு கைகளாலும் தன் விரல்களை இறுக்கிப் பிடிக்கச் சொன்னார்; இடது கை சற்றுத் தளர்வாக இருந்தது. தரை ஓடுகளின் கோட்டில், ஒரு பாதத்தின் குதிகாலை மறு பாதத்தின் நுனியில் ஒட்டிவைத்து நடக்கச் சொன்னார். நான்காம் அடியில் ஆசிரியை பக்கவாட்டில் சாய்ந்தார். கண்ணை மூடி நிற்கச் சொன்னபோது தம்பி பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. அதே சோதனையைத் தம்பியும் நானும் செய்தோம். எங்களுக்குச் சிரமம் எதுவும் இல்லை. மொத்தம் ஐந்து நிமிடம். அதன் பிறகு ஊருக்குப் போகலாம் என்று யாரும் பேசவில்லை. ஆசிரியையும் பேசவில்லை, தன் கால் தடுமாறியதைத் தானே பார்த்துவிட்டாரே.

டைவ் அவசர உதவி எண் ஒன்றை அழைத்தோம். மறுமுனையிலிருந்த மருத்துவர் கேட்டவை: கடைசி நான்கு நாட்களின் ஆழங்கள், மேலே வந்த நேரம், அறிகுறிகள் தொடங்கிய நேரம், உயரத்தோடு அவை மாறினவா. கடைசிக் கேள்விக்கு நான் பதில் சொல்லி முடிக்கும் முன்பே அவர் சொன்னார்: “இனி விமானம் வேண்டாம். ஆக்சிஜன் கொடுக்கச் சொல்லுங்கள். அழுத்த அறை உள்ள மருத்துவமனைக்கு உடனே போங்கள்.” விமான நிலைய மருத்துவ மையத்தில் ஆக்சிஜன் முகமூடி மாட்டினார்கள். அங்கிருந்து ஆம்புலன்ஸ்.

அழுத்த அறை

அதிகாலை 3.40க்குச் சிகிச்சை தொடங்கியது. முதல் அறிகுறி தோன்றியதிலிருந்து பதினான்கரை மணி நேரம். மருத்துவர் பின்பற்றியது அமெரிக்கக் கடற்படையின் 6ஆம் சிகிச்சை அட்டவணை. உலகெங்கும் இந்நோய்க்குப் பரவலாகப் பயன்படுவது இதுதான். நோயாளியை அறைக்குள் வைத்து 18 மீட்டர் ஆழத்துக்கு இணையாக அழுத்தத்தை ஏற்றுகிறார்கள். அங்கே 20 நிமிடம் தூய ஆக்சிஜன், 5 நிமிடம் சாதாரணக் காற்று என்று மாறி மாறித் தருகிறார்கள். பிறகு 9 மீட்டருக்கு இணையாகக் குறைத்து, அங்கே இன்னும் நீண்ட நேரம் தருகிறார்கள். மொத்தம் 4 மணி 45 நிமிடம். அழுத்தம் குமிழியைச் சுருக்குகிறது. ஆக்சிஜன் நைட்ரஜனை வெளியேற்றுகிறது. காலையில் கிளிமீன்களைப் பார்த்த ஆழத்தில் பாதிக்கு மேல் அவரைத் திரும்ப இறக்கினார்கள் என்று தம்பி சொன்னார். அப்போது எவருக்கும் சிரிப்பு வரவில்லை; இப்போது வருகிறது.

தோள் வலி, அழுத்தம் ஏற்றிய முதல் பத்து நிமிடத்திலேயே முழுதாகப் போய்விட்டது. வெளியே வந்தபோது நடை நேராக இருந்தது. விரல்களின் மரப்பு பாதியாகியிருந்தது. மறுநாள் இன்னொரு, சற்றுக் குறுகிய, சிகிச்சை. பாதம் தெளிந்தது. விரல் நுனிகளில் மட்டும் மூன்றாம் வாரம் வரை லேசான மரப்பு இருந்து பிறகு மறைந்தது.

வீடு திரும்பல்

அறிகுறிகள் அடங்கிய பிறகும் சில நாட்கள் தரையிலேயே இருக்க வேண்டும் என்றார் மருத்துவர். விடுதி அறையில் ஆசிரியையும் தம்பியும் நானும் தங்கினோம். மருந்தாளுநர் பணி காரணமாக இரண்டாம் நாள் கிளம்பினார். கிளம்பும்போதும் தினம் இருமுறை அந்தக் கோட்டு நடையைச் செய்து காட்டச் சொல்லிவிட்டுப் போனார். ஒரு விடுப்பு நாளை மிச்சம் பிடிக்க இரவு விமானம் எடுத்த நான் மொத்தம் ஏழு விடுப்பு நாட்களை இழந்தேன். பயணக் காப்பீட்டைப் பிரித்துப் பார்த்தபோது டைவிங் விலக்கப்பட்ட செயல்களின் பட்டியலில் இருந்தது. சிகிச்சைச் செலவை மூன்று டைவர்களும் பங்கிட்டுக்கொண்டோம். ஏழாம் நாள் பறந்தோம். ஆசிரியை ஜன்னலோர இருக்கையில் உட்கார்ந்து, நான்கு மணி நேரமும் இடது கை விரல்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்துக்கொண்டே வந்தார். எதுவும் திரும்பவில்லை.

பின்னர் கண்டவையும் மாற்றியவையும்

ஒரே ஆழம், ஒரே நேரம், ஒரே மலை, ஒரே விமானம். மூவரில் ஒருவருக்கு மட்டும் ஏன்? ஊர் வந்ததும் இதயச் சோதனை செய்தோம். பிறப்பிலிருந்தே இதயத்தின் மேலறைகளுக்கிடையே மூடாத துளை ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கு இருக்கும். நுரையீரலில் வடிகட்டப்பட வேண்டிய குமிழிகள் அதன் வழியே நேராகத் தமனிக்குள் போகலாம். ஆசிரியைக்கு அது இல்லை. உண்மையைச் சொன்னால், இருந்திருக்கக் கூடாதா என்று ஒரு கணம் நினைத்தேன். பழியை வைக்க ஓர் இடம் கிடைத்திருக்கும். எஞ்சியவை நீர்ச்சத்துக் குறைவும், தூக்கமின்மையும், டைவ் முடிந்த உடனே சுமை தூக்கியதும். இவற்றில் ஒன்றையும் தனிக் காரணம் என்று உறுதியாகக் காட்ட முடியாது. எங்கள் இருவருக்கு ஒன்றும் ஆகாததும் திட்டம் சரி என்பதற்குச் சான்றாகாது.

மாற்றியவற்றில் முதன்மையானது, கடைசி நாளை முன்னதாகவே நிரப்பிவைப்பது. வெறுமையாக விட்டால் கடல் அதை எடுத்துக்கொள்ளும் என்பது எங்கள் அனுபவம். இப்போது அந்த நாளுக்குக் கரையோரத்தில், தாழ்வான இடத்தில் ஏதாவது ஒன்றை முன்கூட்டியே உறுதி செய்கிறோம்; விமானம் மறுநாள் மதியம். சாலையின் உயரத்தையும் பார்க்கிறோம். டைவிங்குக்கெனத் தனிக் காப்பீடு நால்வரும் எடுத்துவிட்டோம். அருகிலுள்ள அழுத்த அறை எங்கே என்பதை முதல் நாளே தாளில் எழுதி வைக்கிறோம். வழிகாட்டி விமான நேரத்தைக் கேட்டால் புறப்படும் நேரத்தைச் சொல்ல வேண்டும், சேரும் நாளை அல்ல என்பது எனக்கென நானே எழுதிக்கொண்டது. எவருக்காவது டைவுக்குப் பிறகு எந்த வலி வந்தாலும் நரம்புச் சோதனை செய்துவிட்டுத்தான் விளக்கம் சொல்ல வேண்டும் என்பது மருந்தாளுநரின் நிபந்தனை. அவர் இல்லாமல் இனி எங்கும் போவதாக இல்லை.

ஆசிரியை ஐந்து மாதங்களுக்குப் பிறகு, மருத்துவரின் அனுமதியோடு மீண்டும் கடலில் இறங்கினார், 12 மீட்டர் ஆழத்துக்கு.

சென்ற மாதம் என் டைவ் குறிப்பேட்டை எடுத்துப் பார்த்தேன். துலம்பென் இரண்டாம் டைவுக்கு எதிரே, ‘உயரத்துக்குப் போகும் முன் இடைவெளி’ என்ற கட்டத்தில் 10 மணி 38 நிமிடம் என்று எழுதியிருந்தேன். தம்பியின் கைபேசி அன்றைய கார்ப் பயணத்தின் உயரங்களைப் பதிவு செய்து வைத்திருக்கிறது. 600 மீட்டரை நாங்கள் கடந்தது பகல் 12.20க்கு. பழைய எண்ணை அடித்துவிட்டு, 2 மணி 48 நிமிடம் என்று எழுதினேன்.